கமிஷன் எவ்வளவு? முதலிலேயே பேசிவிடுங்கள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியும் முன்பே ஏலம் களைகட்டிவிடும். கடலுக்குப் போய்வந்தவர் ஒருபக்கம், வாங்க வந்தவர் மறுபக்கம், நடுவில் நின்று விலை கூறுபவர் ஒருவர். விற்ற தொகையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. உழைப்புக்குக் கூலி, அதில் தவறில்லை. ஆனால் படகுக்கு முன்பணம் கொடுத்தவரே விற்றுத் தருபவராகவும் இருந்தால் கதை மாறிவிடுகிறது. கடன் தீரும்வரை அவர் வழியாகத்தான் மீனை விற்க வேண்டும், அவர் பிடிப்பதுதான் கமிஷன். தமிழகக் கடற்கரையில் பல ஊர்களிலும் மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது.

இதை இன்று நான் சொல்லக் காரணம் உண்டு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கருவாடு போடும் அம்மா இருக்கிறார், நைட்டி தைக்கும் அக்கா இருக்கிறார். தொழில் கைவசம் இருக்கிறது, ஆன்லைனில் விற்கத்தான் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி, "நான் வித்துத் தரேன்க்கா" என்று முன்வருகிறான். நல்ல காரியம். ஆனால் "எவ்வளவு எடுத்துக்குவே?" என்று அக்கா கேட்பதில்லை, தம்பியும் வாய்திறப்பதில்லை. மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நியாயமான கமிஷன் என்பது செய்த வேலைக்கும் ஏற்ற பொறுப்புக்கும் உரிய கூலி. எதிரில் இருப்பவரின் அவசரத்துக்கு வைக்கும் விலை அல்ல. ஆகவே வேலையை முதலில் எண்ணிப் பாருங்கள். போட்டோ எடுத்துப் போடுவது மட்டும்தானா? வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, பேக்கிங், கூரியர், பணம் வசூல் எல்லாமா? வேலை கூடினால் பங்கும் கூடலாம்.

அடுத்து, சதவீதம் எந்தத் தொகையின் மீது என்று முடிவு செய்யுங்கள். ஒரு நைட்டி 400 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைத் தளத்தின் பிடித்தமும் பேக்கிங் செலவும் 60 ரூபாய். மீதி 340. கமிஷன் 15 சதவீதம் என்று பேசியிருக்கிறார்கள். அதை 400 மீது கணக்கிட்டால் 60 ரூபாய், 340 மீது கணக்கிட்டால் 51 ரூபாய். ஒரு நைட்டிக்கு ஒன்பது ரூபாய்தானே என்று தோன்றும். நூறு நைட்டிக்கு 900 ரூபாய்! செலவைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில் கணக்கிடுவதே முறை என்பேன். செலவு கூடினால் இருவரும் சேர்ந்தே தாங்குவார்கள்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது. 150 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து சதவீதம் என்றால் விற்றுத் தருபவருக்கு 15 ரூபாய். அரைமணி நேர வேலைக்கு அது கட்டாது. அங்கே பொருளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசலாம். 12,000 ரூபாய்க்கு ஒரு பழைய தையல் மெஷின் விற்றால் முதல் ஆயிரத்துக்கு 15 சதவீதம், மீதிக்கு 7 சதவீதம் என்று வைக்கலாம். மொத்தம் 920 ரூபாய். இருவருக்கும் கட்டுப்படியாகும்.

பொருள் திரும்பி வந்தால்? தையல் பிசகு என்றால் தைத்தவர் பொறுப்பு. அளவைத் தவறாகப் போட்டிருந்தால் விற்றவர் பொறுப்பு. வாங்கியவர் மனம் மாறினால் கூரியர் செலவு பாதிப் பாதி. இதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சட்டமும் இதில் துணை நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்கான, அதாவது பிறருக்காக விற்றுத் தருபவருக்கான, கடமைகளைச் சொல்கிறது. பொருளுக்கு உரியவர் கேட்டால் முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகுதான் கூலி என்கிறது 219ஆம் பிரிவு. வேலையில் முறைகேடு செய்தால் அந்த வேலைக்கான கூலியே கிடையாது என்கிறது 220ஆம் பிரிவு. 500 ரூபாய்க்கு விற்றுவிட்டு 400க்குத்தான் போனது என்று சொல்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

விற்றுத் தரும் தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று. தளத்தில் உங்கள் பெயரில் விற்றால் முழு விற்பனையும் உங்கள் பான் எண்ணில்தான் பதியும். அதில் உங்கள் வருமானம் கமிஷன் மட்டுமே என்று காட்ட, எழுதிவைத்த கணக்குதான் ஆதாரம். உணவுப் பொருள் என்றால், வீட்டில் செய்ததாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள்.

கமிஷன் எத்தனை சதவீதம், எதன் மீது, பணம் எந்த நாளில், திரும்பினால் யார் பொறுப்பு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பேசி, தேவைப்பட்டால் மாற்றுங்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கூச்சப்படாதீர்கள். உறவு நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.