தோல்வியின் கணக்கு

(கொங்கு நாட்டுக் கிராம இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



வெற்றிக்கு வழி யாது என்று கேட்டால், உழைப்பு, ஊக்கம், விடாமுயற்சி என்று நம்மில் ஒவ்வொருவரும் விடை கூறுவோம். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. விடியுமுன் எழுந்து இருட்டும்வரை பாடுபட்டும் கடனிலிருந்து கரையேறாத குடியானவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் உழைப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே, இன்று வெற்றியைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் தோல்வியைப் பற்றிப் பேசுவது நமக்குப் பெரிதும் பயன்படும்.

தோல்வி எல்லோரையும் உயர்த்திவிடுவதில்லை. அது சிலரை வளர்க்கிறது, சிலரை ஒடித்துவிடுகிறது. இந்த வேற்றுமை எதனால் வருகிறது? நம் கொங்கு மண்ணிலே பிறந்து வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு, உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. இளமையிலேயே அது நின்றுபோயிற்று. ஒரு நாள், அப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. அன்று முதல் அவருக்கு வேறு நினைவில்லை. கோவைக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவருடைய கல்லூரி அதுவே எனலாம்.

பின்னர்த் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அத்தொழிலில் நல்ல வருவாய் கிடைத்தது. ஈட்டிய பொருளுடன் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றார். அங்கே கைப்பொருள் முழுவதையும் இழந்தார். செல்வராகப் புறப்பட்டவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார்.

அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பம்பாயில் தோற்றது எது? அவருடைய உழைப்பா? அன்று. இயந்திரத்தை அறிந்த கையா? அதுவும் அன்று. பஞ்சை அரைப்பது ஒரு தொழில். நாளைக்குப் பஞ்சு என்ன விலை விற்கும் என்று ஊகிப்பது முற்றிலும் வேறொன்று. முன்னது அவர் கைக்கு அடங்கியது, பின்னது அடங்காதது. கைப்பொருள் போயிற்று, கைத்தொழில் போகவில்லை.

ஊர் திரும்பிய அவர் மீண்டும் இயந்திரத்தின் பக்கமே வந்தார். கோவையில் ஆலையும் வாணிகமும் நடத்திவந்த சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் அவரிடம் நம்பிக்கை வைத்தார். ஸ்டேன்ஸ் கடனாக அளித்த பணத்தின் துணையுடன் ஒரு பஸ் வாங்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றை பஸ் ஓடத் தொடங்கியது. அதுவே பிற்காலத்தில் யூ. எம். எஸ். என்று மக்கள் வாயில் வழங்கிய பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல், டி. பாலசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து, பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்யும் முயற்சியும் நிறைவேறியது. கவலை பூட்டி மாடுகளால் நீர் இறைத்த நம் தோட்டங்களுக்கு மோட்டாரும் பம்புசெட்டும் வந்து சேர்ந்த வரலாற்றில் அது ஒரு முக்கியமான படி. 1945-இல் அவருடைய முயற்சியால் தொழிற்கல்வி நிலையமும் தோன்றியது. கோவையில் 'ஹோப் காலேஜ்' என்னும் பெயர் இன்றும் மக்கள் நாவில் வழங்குகிறது. பள்ளியில் தங்காதவர் பிறருக்குக் கல்விக்கூடம் அமைத்தார். 1974-இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, தோல்வியை மறைக்கலாகாது. 'விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று சொல்பவனுக்கு விழுந்த காரணம் ஒருநாளும் விளங்காது. மண் ஒட்டியது என்று ஒப்புக்கொண்டால்தான், எந்தக் கல் இடறியது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இரண்டாவது, போனது எது, மிஞ்சியது எது என்று கணக்குப் பார்க்க வேண்டும். கற்ற தொழிலைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. அடுத்த முயற்சி மிஞ்சியதன்மேல் எழ வேண்டுமேயன்றி, போனதைப் பிடிக்க ஓடுவதாக இருத்தல் கூடாது.

மூன்றாவது, மிகவும் இன்றியமையாதது. விழுந்தவன் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். அறிவும் ஊக்கமும் நிறைந்த ஜி. டி. நாயுடு அவர்களுக்கும் அன்று நம்பிக் கடன் தர ஒருவர் தேவைப்பட்டார் என்பதை நாம் மறக்கலாகாது. தோற்றவனை நோக்கி, 'முயன்றால் முடியாதது இல்லை' என்று அறிவுரை கூறுவது எளிது. அவனுடைய திறமையை மதித்து இரண்டாவது வாய்ப்பு அளிப்பதே அரிது.

தோல்வியைக் கணக்கில் வைத்தே வேலை செய்யும் நிலையம் ஒன்றும் நம் கோவையில் உண்டு. அது 1912-இல் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையம். அங்கே பார்பர் அவர்களும், டி. எஸ். வெங்கட்ராமன் அவர்களும் நாட்டுக்கு ஏற்ற புதுக் கரும்பு காண உழைத்தார்கள். இனிப்பு மிகுந்த கரும்பையும், ஆற்றோரங்களில் தானே வளரும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 என்னும் வகையை உண்டாக்கினார்கள். 1918-இல் அது பயிருக்கு வந்து, வட இந்திய நிலங்களுக்கு ஏற்றதாக விளங்கியது. கரும்பு விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. பல நாற்றுகளை வளர்த்துச் சோதித்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையில் கழிக்கப்பட்ட நாற்று ஒவ்வொன்றும் குடியானவன் நிலத்தில் நேரவிருந்த ஒரு தோல்வியைத் தடுத்தது. சிறு பாத்தியில் தோற்றால் பாடம். தோட்டம் முழுவதிலும் தோற்றால் துன்பம்.

நம் கிராமங்களில் இப்பாடம் எங்கே பயன்படும் என்று கேட்பீர்கள். கிணறு வற்றியதும் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறோம். அது பொய்த்தால், இன்னும் ஒன்று; அதுவும் பொய்த்தால், நகையை அடகு வைத்து மற்றும் ஒன்று. இதனை விடாமுயற்சி என்று சொல்லலாமா? பம்பாய்ச் சந்தையில் பட்ட அடியை மறுபடியும் படுவதாகும் இது. இரண்டாவது துளை போடுமுன், முதல் துளை ஏன் பொய்த்தது, இருக்கும் நீரில் சொட்டுநீர் முறையால் எவ்வளவு விளைவிக்கலாம், நீர் குறைவாகக் கேட்கும் பயிர் எது என்று கணக்கிடுவதே மெய்யான முயற்சி. புதுப் பயிர் வைக்க விரும்புவோர் முதலில் கால் ஏக்கரில் வைத்துப் பார்க்கட்டும். செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, நட்டம் எந்த மாதத்தில் நேர்ந்தது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

மழை பொய்ப்பதும், சந்தையில் விலை சரிவதும் குடியானவன் செய்த குற்றங்கள் அல்ல. அத்தகைய நட்டத்திற்கு அவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதையும் அந்தக் கணக்கே காட்டிவிடும். அப்பொழுது அவன் வெட்கப்பட்டு ஒதுங்காமல், கூட்டுறவுச் சங்கத்தையும் வேளாண்மை அலுவலரையும் நிமிர்ந்து நின்று அணுகலாம்.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. தோற்று வந்த இளைஞனைத் திண்ணையில் வைத்து எள்ளி நகையாடும் ஊரில் யாரும் புதிதாக எதையும் முயல மாட்டார்கள். 'என்ன கற்றாய் தம்பி?' என்று அவனிடம் கேட்கும் ஊர் வளரும். கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கைகொடுக்கும் இடங்களாக விளங்க வேண்டும். தவறிய தவணையின் தொகையைக் கேட்பதோடு நில்லாது, அது தவறிய காரணத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

இளைஞர்களே! தோல்வியை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அது தானே வரும். வரும்போது அதற்கு அஞ்சி ஓடாமலும், அதனை மறைத்து வைக்காமலும், கணக்கு நோட்டை விரித்து அதன் எதிரே அமர்வோமாக. நாம் எழுவதற்கு ஒரு கை கிடைத்தால் நன்றியுடன் பற்றிக்கொள்வோம்; எழுந்து நின்றபின், பக்கத்தில் விழுந்திருப்பவனுக்கு அதே கையை நீட்டுவோம். நம் கிராமங்கள் முன்னேறும் வழி இதுவேயாகும்.