மாடிப்படியில் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியல் வகுப்பில் ‘வேலை, திறன், ஆற்றல்’ என்று கரும்பலகையில் எழுதியதுமே ஒரு சிக்கல் தொடங்கிவிடுகிறது. மூன்றும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய சொற்கள். வேலை என்றால் அப்பா காலையில் கிளம்பிப் போவது. திறன் என்றால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குவது. ஆற்றல் என்றால் மேடையில் கேட்கிற சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் திறனை ‘வலு’ என்றும் ஆற்றலைச் ‘சக்தி’ என்றும் சொல்கின்றன. வலு எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதற்கும் உடம்பு வலு, பண வலு என்று பல பொருள்கள் உண்டு. எந்தச் சொல்லை எடுத்தாலும் பிள்ளையின் மனத்தில் இன்னொரு பொருள் அதற்கு முன்பே குடியேறியிருக்கும். அதனால்தான் இந்தப் பாடத்தை வரையறையில் தொடங்கக் கூடாது என்கிறேன்.

சேலம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே ஓர் ஆசிரியை இந்தப் பாடத்தை நடத்தியதை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. எல்லோரையும் மாடிப்படிக்கு அழைத்துப் போனார். உயரத்தை அளக்கச் சொன்னார். இரண்டு பையன்கள் நாடாவைப் படிகளின் சரிவோடு சேர்த்து வைத்தார்கள். “பூமி நம்மை எந்தப் பக்கம் இழுக்கிறது?” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். பிறகு ஒரு பெண் ஒரே ஒரு படியின் உயரத்தை அளந்தாள். 15 சென்டிமீட்டர். மொத்தம் 20 படிகள். ஆக, 3 மீட்டர்.

எடையை அவரவரே பார்த்து அவரவர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் அந்த வயதில் எடை என்பது எத்தனை பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கும் என்று தெரிந்த ஆசிரியருக்குத்தான் அது தோன்றும்.

பிறகு ஓட்டம். கைப்பேசியில் நொடிக் கணக்கு. 40 கிலோ எடையுள்ள ஒரு பெண் நான்கு நொடியில் மேலே போய்விட்டாள். அவளுடைய எடை ஏறக்குறைய 400 நியூட்டன். அதை 3 மீட்டரால் பெருக்கினால் 1,200 ஜூல். அது வேலை. நான்கு நொடியால் வகுத்தால் 300 வாட். அது திறன். அதே பெண்ணை மெதுவாக நடந்து ஏறச் சொன்னார். 12 நொடி ஆனது. வேலை அதே 1,200 ஜூல்தான், திறன் மட்டும் 100 வாட்டாக இறங்கிவிட்டது. வேலைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு அவள் மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

கடைசியாக ஏறியவன் கனத்த உடம்புக்காரன். ஆறு நொடி. சிலர் சிரித்தார்கள். அவன் கணக்குப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து படித்தான்: 60 கிலோ, 1,800 ஜூல், 300 வாட். முதலில் வந்தவளுக்கும் அவனுக்கும் திறன் சமம், வேலையோ அவனுடையதுதான் அதிகம். சிரிப்பு நின்றுபோனது.

அறைக்குத் திரும்பியதும் ஒரு பெண் கேட்ட கேள்வி இந்தப் பாடத்தின் மிகக் கடினமான இடம். “டீச்சர், எங்கம்மா குடத்தைத் தூக்கிக்கிட்டு சமதரையில நடந்தா வேலை இல்லைன்னு அண்ணன் சொல்றான். நிஜமா?” பல வகுப்புகளில் இதற்கு ஒரே பதில்தான்: விசை ஒரு திசை, நகர்வு ஒரு திசை, அதனால் வேலை பூஜ்யம், எழுதிக்கொள். விடை சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது தன் அம்மாவின் பாடு பூஜ்யம் என்ற எண்ணம். இந்த ஆசிரியை அப்படி விடவில்லை. “எதன் மேல் செய்த வேலை என்று கேள்” என்றார். 15 லிட்டர் குடத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கி இடுப்பில் வைத்தபோது அம்மா அதன் மேல் 150 ஜூல் வேலை செய்தார். அப்புறம் நடக்கும்போது குடம் உயரவில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கத் தசை நார்கள் ஓயாமல் சுருங்கிக்கொண்டே இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் அங்கே வெப்பமாகச் செலவாகிறது. அதனால்தான் வியர்க்கிறது, வலிக்கிறது. ‘எதன் மேல்’ என்ற இந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் வேலையைப் பற்றிப் பேசவே கூடாது.

குதிரைத் திறனை அவர் விரைவாகவே சொல்லி முடித்தார். நீராவி எந்திரத்தின் திறனைக் குதிரையோடு ஒப்பிட்டார் ஜேம்ஸ் வாட். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்துவது ஒரு குதிரைத் திறன். இன்றைய கணக்கில் 746 வாட். கிணற்று மோட்டாரை ‘அஞ்சு எச்.பி.’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நான்கு நொடியில் படியேறிய அந்தப் பெண்ணைப் போல் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஓயாமல் ஏறிக்கொண்டே இருந்தால்தான் அந்த மோட்டாருக்கு ஈடாகும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள்.

பிறகு மின்கட்டணத்துக்கு வந்தார். வீட்டில் ‘யூனிட்’ என்கிறோமே, அது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடும் ஆற்றல், அதாவது 36 லட்சம் ஜூல். ஒரு தடவை படியேறினால் 1,200 ஜூல். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை ஏற வேண்டும்? வகுத்துப் பார்த்தார்கள். 3,000 தடவை! வகுப்பு வாயடைத்துப் போனது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடு என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இந்த எண் செய்ததைச் செய்யாது.

முடிவில் மேட்டூருக்குப் போனார். 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, ஏறத்தாழ 36 மீட்டர். 10,000 லிட்டர் தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பதும் அதே 36 லட்சம் ஜூல், ஒரே ஒரு யூனிட். எந்திரத்தில் வீணாவது போக இன்னும் குறையும். ஒரு பெரிய தண்ணி லாரி நிறைய நீர், ஒரு யூனிட்!

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. “நீங்க ஏறினீங்க, அம்மா குடத்தைத் தூக்கினாங்க. அணையில இருக்கிற அவ்வளவு தண்ணியையும் மேலே தூக்கி வெச்சது யார்?” என்று கேட்டார். “மழை” என்றார்கள். “மழைத் தண்ணியை மேகம் வரைக்கும் தூக்கினது?” ஜன்னல் ஓரத்தில் இருந்த பையன் வெளியே பார்த்தான். பங்குனி வெயில் மைதானத்தில் தகித்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்தாமலே, மெல்லிய குரலில், “வெயில்” என்றான்.