தோளிலேறும் கோயில்

(திண்டிவனத்தில் நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பங்குனி உத்திரம் நெருங்குகின்றது. திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களிலிருந்து மயிலம் மலைக்குக் காவடிகள் புறப்படுங் காலம் இது. சூரபதுமன் தவமியற்றி மயிலான தலமென்று புராணங் கூறும் அம்மலைக்கு நாம் எதனைச் சுமந்து செல்கின்றோம் என்பதைச் சற்றே சிந்திப்போமாக.

காவடி வெறுஞ் சுமையன்று. தோளிலேறும் சிறு கோயிலாகும். இரு நுனிகளிலும் பலகை பூட்டிய மரத்தண்டு, மேலே வளைத்த பிரம்பு, அதனைப் போர்த்த பட்டு, மயிற்பீலி, மணிகள், இருபுறமும் பாற்செம்பு ஆகியவை அதன் அங்கங்கள். இடும்பன் பிரமதண்டத்தில் நாகங்களைக் கயிறாக்கிச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தூக்கிய கதை அவ்வமைப்பிலேயே அடங்கியுள்ளது. பலகையில் முருகப்பெருமானும் மயிலும் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம். தண்டின் நடுப்பாகமோ சித்திரமின்றி வழுவழுப்பாயிருக்கும். தச்சனது அறிவு அங்கேதான் விளங்குகின்றது. தோளுக்கு உறுத்தலாகாது; இருபுறமும் எடை ஒத்திராவிடில் ஆடுவோன் தள்ளாடுவான். சிற்பத்தை ஆழ வெட்டினால் பலகை வலுவிழக்கும். மேலோட்டமாய் வெட்டினால் சில ஆண்டுகளில் உருவம் மழுங்கிப்போம்.

எமது இல்லத்துக் காவடியில் பாட்டனார் தோள் பட்ட இடம் பளிங்குபோலத் தேய்ந்துள்ளது. சென்ற ஆண்டு பரணினின்று இறக்கியபொழுது ஒரு பலகையைச் செல் அரித்திருந்தது. குற்றம் எம்முடையதே. வாடகைக் காவடி எளிதிற் கிடைத்தமையால் பல ஆண்டுகள் பரணை ஏறிட்டும் பார்த்தோமில்லை. உங்களுள் எத்தனை பேர் இல்லங்களில் இந்நிலையோ!

நிற்க. மலேசியத் தமிழர் பத்துமலையின் 272 படிகளையும் உலோகச் சட்டங்களாலான பெருங்காவடிகளுடன் ஏறுகின்றனர். அவற்றை நாம் இகழ்வதற்கில்லை. அன்பு அங்கும் அதுவே. ஆனால் நம் முன்னோர் தோளறிந்த மரம் நம்மிடமிருக்க, அதனைச் செல்லுக்கு இரையாக்குவது தகுமோ?

பீலி புதுக்குவோர்க்கு ஒரு வார்த்தை: மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று, அதனைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தானே உதிர்ந்த பீலியையே கொள்க.

பழுது பார்ப்போர் இல்லையென்று சிலர் கூறுகின்றனர். 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றதன்றோ? அப்பகுதிச் சிற்பியர் தெய்வ உருவங்களைச் செதுக்குவதில் வல்லவர்கள். பழைய பலகையை அளவுக்கு உடன் கொண்டு செல்லுங்கள். எமது புதுப்பலகை அங்கேதான் உருவாகின்றது, தண்டை மாற்றவில்லை.