'மரணம்' எனப் பெயர் பூண்ட இசைக்குழு

இரும்பை இரும்பால் அறைந்தாற்போன்ற ஓசை. அதன்மேல் அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல். 'டெத் மெற்றல்' எனப்படும் மேனாட்டு இசையை முதன்முறை கேட்பவர் செவியைப் பொத்திக்கொள்ளுதல் இயல்பே. ஆயினும் அவ்வோசைக்கும் ஒரு வளர்ச்சி உண்டு.

1983ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 16 வயதினரான சக் ஷுல்டினர் தோழர் இருவருடன் ஒரு குழுவை அமைத்தார். மறு ஆண்டில் அது 'டெத்', அதாவது மரணம், எனப் பெயர் பூண்டது. அதன் தொடக்கப் பதிவுகள் ஒலிநாடாக்களாகத் தபால் வழியே இரசிகரிடையே கைமாறின. 1987இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலே கிற்றாரும் குரலும் அவருடையனவே. பாடற்பொருளோ பிணமும் குருதியும். அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

திருப்பம் நேர்ந்தது 1991இல். 'ஹியூமன்' என்னும் தட்டுக்கு, ஜாஸ் இசையில் நாட்டமுள்ள இளைஞர் இருவரை அவர் சேர்த்துக்கொண்டார். நேரே விரைந்தோடிய தாளம் இப்போது முறிந்தும் திரும்பியும் நடைமாற்றிற்று. வேகம் குன்றவில்லை, ஆனால் வேகமே நோக்கமாகவும் இருக்கவில்லை. 1995இல் 'சிம்போலிக்' வந்தபோது, உறுமலின் கீழே வாய்விட்டு முணுமுணுக்கத்தக்க மெட்டுகள் ஓடின. பிணங்கள் மறைந்து, இழந்துபோன பிள்ளைப்பருவம் பாடற்பொருளாயிற்று.

குரல் மட்டும் உறுமலாகவே எஞ்சிற்று. தம் மெட்டுகளுக்கு அது போதாதெனக் கண்ட ஷுல்டினர், தெளிந்த குரலுடைய பிறிதொரு பாடகரைக்கொண்டு 'கொன்ட்ரோல் டினைட்' என்னும் புதுக்குழுவை அமைத்தார். அதன் தட்டு 1999இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவருக்கு மூளையிற் கட்டி உண்டென மருத்துவர் கண்டனர். சிகிச்சைச் செலவுக்கு இரசிகர்கள் நிதி திரட்டினர். நோயுடனேயே அடுத்த தட்டுக்கான பதிவுகளைச் செய்தவர், அவை முற்றுப்பெறுமுன்னர், 2001 டிசம்பர் 13ஆம் நாள் காலமானார்.