தெரிந்தும் செய்யாமல் விடுவது ஏன்?

(உழவர் கலந்துரையாடல் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



விதை நேர்த்தி செய்தால் நோய் குறையும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மண்ணை ஆய்வு செய்து உரமிட்டால் வீண்செலவு குறையும் என்பதும் தெரியும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் நிலம் வளம் பெறும் என்பது பாட்டன் காலத்துச் செய்தி. ஆயினும், விதை ஊறவைக்கும் நாளில் எத்தனை வீடுகளில் சூடோமோனாஸ் பொட்டலம் இருக்கிறது? நடவுக்கு முன் எத்தனை பேர் கையில் மண் ஆய்வு முடிவு இருக்கிறது?

"உழவர்களுக்கு ஆர்வம் போதாது" என்று விரிவாக்கப் பணியாளர் சொல்கிறார். "நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன்" என்று உழவரும் தம்மையே நொந்துகொள்கிறார். இரண்டுமே முழு உண்மை அல்ல. மனிதன் ஒரு செயலில் இறங்குவது எதனால், பின்வாங்குவது எதனால் என்று உளவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் உழவுக்குப் பயன்படும் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

உந்துதலும் தடையும்

பாரம் ஏற்றிய வண்டி நின்றுவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. மாட்டை அதட்டலாம், அல்லது இறங்கிப் பார்த்து, சக்கரத்தின் முன் கிடக்கும் கல்லை எடுக்கலாம். மனித மனமும் இப்படிப்பட்டதே என்றார் கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர். இவர் ஜெர்மனியிலிருந்து 1933-ல் அமெரிக்கா சென்றவர். ஒரு செயலை நோக்கி நம்மைத் தள்ளும் விசைகள் உண்டு. தடுக்கும் விசைகளும் உண்டு. தள்ளும் விசையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மனத்தில் இறுக்கம்தான் மிகும். தடையைக் குறைத்தாலோ, உள்ளே ஏற்கெனவே இருக்கும் விருப்பமே செயலாக மாறிவிடும்.

கென்யா உழவர்கள் காட்டிய பாடம்

கென்யா நாட்டின் மேற்கே புசியா என்னும் பகுதியில் மக்காச்சோளம் பயிரிடும் சிறு உழவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இதன் முடிவுகளை 2011-ல் வெளியிட்டனர். உரத்தின் பலனைச் செயல்விளக்கத் திடலில் நேரில் கண்ட உழவர்களுள் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் அடுத்த பருவத்தில் உரமிடப்போவதாகச் சொன்னார்கள். உண்மையில் இட்டவர்கள் 37 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்கள் பொய் சொல்லவில்லை. அறுவடை முடிந்ததும் கையில் பணம் இருந்தது; "பிறகு வாங்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். உரமிடும் காலம் வந்தபோது பணம் வேறு செலவுகளில் கரைந்துபோயிருந்தது.

ஆகவே, அறுவடை முடிந்த உடனே களப்பணியாளர்கள் உழவர் வீட்டுக்கே சென்றார்கள். "முழு விலையையும் இன்றே செலுத்துங்கள், வேண்டிய காலத்தில் உரத்தை வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்" என்றார்கள். விலையில் தள்ளுபடி ஏதும் இல்லை. கொண்டுவரும் கூலி மட்டும் இலவசம். உரமிடுவோர் தொகை நன்றாக உயர்ந்தது. உரமிடும் காலத்தில் பாதி விலைக்கே உரம் தருவதாகச் சொன்னபோது ஏற்பட்ட உயர்வும் ஏறக்குறைய இவ்வளவுதான். பாதி விலை மானியம் செய்யும் வேலையை, முடிவெடுக்கும் நாளை மாற்றியதே செய்துவிட்டது.

நம் கரும்பு உழவர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். அன்றைய விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களிடம் நடத்திய ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் இதை நடத்தினர். கரும்பு உழவருக்குப் பெரும்பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. எனவே அறுவடைக்கு முன் நெருக்கடி. பின்னர் சற்று மூச்சு விடலாம். அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 விழுக்காட்டினரே.

அதே உழவருக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். படங்களில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முன்பு சராசரியாக 4.35 விடைகள் சரி, பின்பு 5.45. ஆள் மாறவில்லை, அவர் படிப்பும் மாறவில்லை. கடன், வட்டி, அடகு என்ற கவலை மனத்தில் இடத்தை அடைத்துக்கொள்ளும்போது, மற்றவற்றை எண்ணிப் பார்க்க எஞ்சும் இடம் குறைகிறது என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு. அந்த நாள்களில் ஒரு பரிந்துரை மறந்துபோனால் அதைச் சோம்பல் என்பது நியாயமா?

கூடி எடுத்த முடிவு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற, மக்கள் விரும்பாத பகுதிகளையும் சமைக்கச் செய்வது எப்படி என்று லெவினும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். சில குழுப் பெண்களுக்குச் சத்தின் பெருமையைச் சொற்பொழிவாகச் சொன்னார்கள். வேறு சில குழுக்களில் பெண்களையே கலந்து பேசவிட்டார்கள். சமைக்கும்போது எழும் வாடை, கணவரின் முகச்சுளிப்பு போன்ற தடைகளை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். முடிவில், "யார் செய்து பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக் கை உயர்த்தச் சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரே புதியதொன்றைச் சமைத்தார்கள். கூடி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர்! சொற்பொழிவாற்றும் என் போன்றோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

நாம் செய்ய வேண்டுவன

1. அறுவடைப் பணம் வந்த வாரத்திலேயே அடுத்த பருவத்துக்கு வேண்டிய உரத்தையும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையையும் வாங்கிவிடுங்கள். உர மூட்டைகளை ஈரமில்லாத இடத்தில், பலகை மீது, சுவரில் படாமல் அடுக்குங்கள். சூடோமோனாஸ், உயிர் உரங்கள் ஆகியவற்றை நெடுநாள் முன்பே வாங்கலாகாது, வீரியம் குறையும். அவற்றுக்கான பணத்தை மட்டும் தனியே முடிந்து வைத்து, விதைப்புக்கு ஒரு வாரம் முன் வாங்கி, ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் வீதம் பயன்படுத்துங்கள்.

2. "செய்வேன்" என்று மட்டும் எண்ணாமல் நாள், இடம், துணை ஆகிய மூன்றையும் முடிவு செய்யுங்கள். "அறுவடைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கீழ வயலில், மகனுடன் மண் மாதிரி எடுப்பேன், 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுவேன்" என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இப்படித் திட்டமிட்டவை நிறைவேறுவது மிகுதி என்று பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியல் அறிஞர் 1999-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளார்.

3. பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுங்கள். வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலனைப் பேசுவதற்கு முன் தடையைப் பேசுங்கள். கலையும் முன் கை உயர்த்திச் சொல்லுங்கள்.

4. புதிய முறையானால் ஐந்து சென்ட் நிலத்தில் தொடங்குங்கள். தோற்றாலும் குடும்பம் தாங்கும் என்ற துணிவு இருந்தால்தான் மனம் இறங்கும்.

5. கடன் பத்திரம், குத்தகை, நிலம் விற்பது போன்ற பெரிய முடிவுகளை அறுவடைக்கு முந்தைய நெருக்கடி வாரங்களில் எடுக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், நம்பகமான ஒருவரை உடன் வைத்துப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

ஒன்றை மறக்கலாகாது. எல்லாத் தடைகளும் மனத்தில் இருப்பவை அல்ல. அடுத்த ஆண்டு நிலம் தம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகை உழவர் தக்கைப்பூண்டு விதைக்காமல் விட்டால், அது ஆர்வக் குறைவு அன்று, சரியான கணக்கு. அங்கே எடுக்க வேண்டிய கல் குத்தகை ஒப்பந்தம். தண்ணீர் இல்லாத இடத்திலும் விலை கிடைக்காத இடத்திலும் ஊக்க உரையால் பயன் இல்லை.

ஆகவே, உழவர் பெருமக்களே, ஒரு நல்ல முறை உங்கள் வயலுக்கு வராமல் நின்றுபோனால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். எந்த நாளில், எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். தடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த அறுவடைப் பணம் கைக்கு வரும் நாளிலேயே அதைத் தொடங்குங்கள்.