ஓபராமர்காவ் ஊரின் நேர்ச்சை



ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓபராமர்காவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மரச்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். 1633ஆம் ஆண்டு கொள்ளைநோய் அந்த ஊருக்குள் புகுந்து பலரைக் கொண்டுபோயிற்று. நோய் நீங்கினால் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டவரின் திருப்பாடுகளை நடித்துக் காட்டுவதாக ஊரார் நேர்ந்துகொண்டார்கள். அதன்பின் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை என்பது ஊர் மரபு. மறு ஆண்டே, நோயில் இறந்தவர்களின் கல்லறைகள்மேல் மேடை அமைத்து நேர்ச்சையைச் செலுத்தினார்கள்.

நாம் பாஸ்கா என்று சொல்லும் அந்த நாடகம் இன்றும் தொடர்கிறது. அங்கே பிறந்தவர்களும், இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்களுமே அதில் நடிக்கலாம். முந்தைய ஆண்டின் சாம்பல் புதன் முதல் அவர்கள் முடி வெட்டுவதில்லை. 2020இல் கொரோனா தடுத்தபோதும், 2022இல் நேர்த்திக்கடனைத் தீர்த்தார்கள்.

ஆனால் அன்பர்களே, பக்தியோடு நடித்த அந்த நாடகத்தில் நஞ்சும் கலந்திருந்தது. யூத மக்கள் அனைவரையும் கிறிஸ்துவைக் கொன்ற பழிக்கு உரியவர்களாகக் காட்டினார்கள். 1934இல் முந்நூறாம் ஆண்டு நாடகத்தைப் பார்க்க ஹிட்லர் வந்தார். யூதரை அது சித்திரித்த விதத்துக்காகவே பின்னர் அதைப் புகழ்ந்தார். சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் அவர் அன்னையும் யூதர்கள் என்பதை யார் நினைத்தார்கள்?

ஆண்டவரின் பாடுகளுக்காக அன்றைய யூதர் எல்லாரையுமோ, இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நாடகம் உடனே மாறவில்லை. பழையதை மாற்றலாமா என்று ஊர் இரண்டுபட்டது. ஆயினும் மெல்ல மெல்லத் திருத்தினார்கள். இரத்தப்பழியை மக்கள்மேல் சுமத்தும் வசனம் 2000இல் நீக்கப்பட்டது. 2010இல் இயேசுவும் சீடர்களும் எபிரேய மொழியில் செபித்தார்கள். 2022இல் யூதாசாக நடித்தவர்களில் ஒருவர் அவ்வூர் இஸ்லாமிய இளைஞர்.

நேர்ச்சையைத் திருத்தியதால் அவர்கள் வாக்குத் தவறிவிடவில்லை. அதை முன்னிலும் உண்மையாக நிறைவேற்றினார்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றுதானே ஆண்டவர் கற்பித்தார்?

நாமும் நேர்ச்சை செய்கிறோம், திருவிழா எடுக்கிறோம். முன்னோர் செய்தபடியே செய்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். அந்த வழக்கத்தில் யாருடைய மனம் புண்படுகிறது? யார் வாசலுக்கு வெளியே நிற்கிறார்? இந்தத் தவக்காலத்தில் அவரைத் தேடிப் போவோம். நம் காணிக்கை அதன்பின் பீடத்துக்கு வரட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.