பேனும் ஈரும்



பிள்ளை தலையைச் சொறிகிறாள். பேன் வந்துவிட்டது. அம்மாவுக்கு வெட்கம். அழுக்கால் வந்தது என்று ஊர் பேசும். அது சரியல்ல. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் பேன் வரும். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து ஏறிவிடும். ஒரே பாயில் படுத்தால் போதும்.

சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! தோல் புண்ணாகும். அடுப்பருகே போனால் முடியில் தீப்பிடிக்கும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து உயிரையே வாங்கும்.

திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்ப்பது நம் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். தலைக்கு எண்ணெய் தடவுங்கள். பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்தால் பேன் தெரியும்.

ஆனால் ஈர் முடியில் ஒட்டியே இருக்கும். 7 முதல் 10 நாளில் அது பொரியும். ஒரே நாளோடு நிறுத்தினால் பேன் மறுபடி பெருகும். 3 நாளுக்கு ஒருமுறை, 2 வாரம் வார வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு மருந்து போட்டாலும் ஒருமுறை போதாது. 7 முதல் 10 நாள் கழித்து, அவர்கள் சொல்கிறபடி மறுபடி போட வேண்டும். அக்கா, தம்பி, பாட்டி தலையையும் அன்றே பாருங்கள்.

பிள்ளைக்கு மொட்டை அடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் வேண்டாம்.